எடைமேடை ஜன்னலில் பாப்பா டிவி

ஒன்றேமுக்கால் வயதுக் குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதன் முதுகு மட்டும்தான் தெரிகிறது. அம்மா வருவாளா என்று பார்க்கிறதா, இல்லை சும்மா வேடிக்கை பார்க்கிறதா? முதுகை வைத்து இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. இந்தக் கேள்வி என்னிடம் வந்து ஒட்டிக்கொண்டதற்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் புரோகிராம்தான் காரணம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் வழியில் ஒரு லாரி எடைமேடையில் வேலை பார்க்கிறேன். லாரி காலியாக வந்து மேடையில் ஏறும்போது ஒரு எடை, சரக்கோடு திரும்பி வரும்போது ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சரக்கின் எடை. கழித்தல் கணக்கைப் புரோகிராம் பார்த்துக்கொள்ளும். வண்டி நம்பரை அடித்து, ஒரு பொத்தானை அழுத்தி, கர்ரென்று அச்சாகி வரும் மூன்று நிறச் சீட்டில் முத்திரை குத்தி ஜன்னல் வழியாக நீட்டுவது என் வேலை. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு இதையா செய்கிறாய் என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து டோல்கேட் வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து ஒரு பஸ். சாயங்காலம் ஐந்தரைக்குக் கிளம்பினால் ஆறரைக்குள் குழந்தை என் இடுப்பில் இருக்கும். இந்த வசதியை எந்தப் பெரிய கம்பெனி கொடுக்கும் என்று நானும் பதிலுக்குக் கேட்பேன். கேட்டுவிட்டு, சரியாகத்தான் சொன்னேனா என்று ராத்திரி வரை யோசிப்பேன். என் சுபாவம் அது.

அந்தப் புரோகிராம் எனக்கு முன்னால் பிறந்ததாக இருக்கலாம். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, ஓரத்தில் இரட்டைக் கோடு. அதற்கு மவுஸ் என்றால் என்னவென்றே தெரியாது. திறந்ததும் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு உட்காரும். பக்கத்தில் இன்னொரு சின்ன ஜன்னல் திறந்து வைக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கல்யாண வீட்டில் ஒற்றை ஆளாக மூன்று நாற்காலியில் துண்டு போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவரைப் போல.

எடைமேடைக்காரரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். புரோகிராமை மாற்றலாமே என்று நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை சொன்னேன். அவர் மேசையிலிருந்து ஒரு பழைய சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். மணலித் தொழிற்சாலைகளின் கேட்டில் நிற்கும் காவலாளிகளுக்கு எங்கள் சீட்டு எழுத்துக் கூட்டிப் படிக்கும் காகிதமல்ல, முகம் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்ளும் ஆள். கோடு எங்கே, எண் எங்கே என்று தூரத்திலிருந்தே தெரியும். அமைப்பு கொஞ்சம் மாறினால் வண்டியை ஓரங்கட்டி, போன் போட்டு, மேலதிகாரியைக் கூப்பிட்டு அரை நாள் போய்விடும். அதனால் புரோகிராம் இருக்கும், மற்றதெல்லாம் மாறும் என்று அண்ணாச்சி முடித்துக்கொண்டார்.

மாறத்தான் செய்தது. எங்களுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ரோடும் கொஞ்சம் பாறையும்தான். உப்புக்காற்று பழைய கம்ப்யூட்டரை உள்ளுக்குள்ளேயே தின்று முடித்தது. அண்ணாச்சி மூடிப்போன ஒரு ஆபீசிலிருந்து வேறொன்று வாங்கி வந்தார். விற்றவர் கொசுறாக இன்னொரு திரையும் கொடுத்திருந்தார். பெரிய திரை ஒன்று, சின்ன திரை ஒன்று.

புது கம்ப்யூட்டருக்கு என் புரோகிராமைப் பார்த்ததும் முகம் சுளித்துவிட்டது. இது இங்கே ஓடாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டது. இரண்டு நாள் அங்கே இங்கே படித்து, பழைய காலத்துக் கம்ப்யூட்டர்போல நடிக்கும் ஒரு சின்ன மென்பொருளைக் கண்டுபிடித்துப் போட்டேன். புரோகிராம் அதற்குள் போய் உட்கார்ந்து, ஊர் மாறியதே தெரியாமல் பச்சை எழுத்தில் சிரித்தது. கல்லூரியில் வாங்கிய பட்டத்துக்கு அன்றுதான் பலன் கிடைத்ததாக நினைத்தேன்.

அடுத்து அண்ணாச்சிக்கு ஒரு யோசனை வந்தது. முன்பு வெளிச்சுவரில் சிவப்பு எண் காட்டும் பெட்டி ஒன்று இருந்தது. டிரைவர்கள் தங்கள் வண்டியின் எடையைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். போன மழையில் அது செத்துப்போனது. அதற்குப் பதிலாக, சின்ன திரையை ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டால் என்ன? என் திரையில் ஓடுவதே அதிலும் ஓடினால் வேலை முடிந்தது.

இரண்டு திரையிலும் ஒரே படம் வரும்படி அமைத்தேன். வெளியே போய்ப் பார்த்தோம். கறுப்பு. நடுவில் ‘சிக்னல் இல்லை’ என்று ஒரு வரி. ஒயரை மாற்றினோம். கறுப்பு. புரோகிராமை அணைத்துவிட்டு மறுபடி போட்டு, மறுபடி வெளியே ஓடினேன். கறுப்பு. “கொசுறு கொசுறுதாம்மா, கெடக்கட்டும்” என்றார் அண்ணாச்சி. கிடந்தது. அதன் முதுகு என் பக்கம். மெக்கானிக் நம்பர், பிரிண்டர் ரிப்பன் கடை நம்பர் எல்லாவற்றையும் அந்த முதுகில் ஒட்டி வைத்தேன். ஒயரைப் பிடுங்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

இதே சமயத்தில்தான் பாப்பாவைக் காப்பகத்தில் சேர்த்தேன். அதுவரை என் அம்மா பார்த்துக்கொண்டார். அண்ணனுக்கு இரட்டைக் குழந்தை பிறந்ததும் அம்மா மணலி புதுநகருக்குப் போகவேண்டியதாகிவிட்டது. எங்கள் தெருவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு மாடி வீட்டில் ஒரு அக்கா பதினோரு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். அறையில் ஒரு கேமரா உண்டு. பெற்றோர் வேலை இடத்திலிருந்தே பார்க்கலாம். வேறு யாருக்கும் காட்டக்கூடாது என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். மூன்று முறை படித்துவிட்டுப் போட்டேன்.

மேடையில் வண்டி நிற்கும்போது போனைக் கையில் எடுக்கக்கூடாது என்பது அண்ணாச்சியின் சட்டம். எனக்கு முன்னால் இருந்தவர் போனைப் பார்த்துக்கொண்டே காலி எடைக்குச் சரக்கு எடையைப் போட்டுவிட்டாராம். போனை மேசை இழுப்பறையில் வைத்துவிடுவேன். பாப்பாவைக் கம்ப்யூட்டரில் பார்க்கலாமா என்று அண்ணாச்சியிடம் அனுமதி கேட்டேன். வண்டி இல்லாதபோது பார்த்துக்கொள் என்றார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொந்த வேலை பார்க்கிறோமே என்று ஒரு வாரம் உறுத்தியது. பிறகு உறுத்தல் பழகிவிட்டது.

காலை பத்திலிருந்து பதினொன்று வரை எங்களுக்கு ஓய்வான நேரம். காலி எடை போட்ட டிரெய்லர்கள் கூப்பிடும்வரை ஓரமாக நிற்கும். டிரைவர்கள் ஜன்னலுக்கு வெளியே உள்ள சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். நான் இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்திப் புரோகிராமைக் கீழே இறக்கிவிட்டு, பாப்பாவைத் திறப்பேன். வண்டி மேடை ஏறும் சத்தம் கேட்டதும் பாப்பாவை இறக்கிவிட்டுப் புரோகிராமை ஏற்றுவேன். ஒரே நேரத்தில் இரண்டையும் பார்க்க அந்தப் புரோகிராம் ஒருபோதும் விட்டதில்லை.

படத்துக்குச் சத்தம் கிடையாது. கேமரா கதவுக்கு மேலே இருந்ததால் எல்லாக் குழந்தைகளின் தலையும் முதுகும்தான் தெரியும். எதிர்ச்சுவரில் ஜன்னல். வெளியே வெளிச்சம் அதிகம் என்பதால் ஜன்னல் வெறும் வெள்ளைக் கட்டமாகத் தெரியும். தினமும் பத்து மணிக்கு மேல் நான் திறந்து பார்க்கும்போதெல்லாம் என் மகள் அந்த வெள்ளைக் கட்டத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மற்றவர்கள் பந்து உருட்டுகிறார்கள், ஒருவன் இன்னொருவன் காதைப் பிடித்து இழுக்கிறான், இவள் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சில சமயம் கைகளைத் தூக்குவாள். என்னைப் பார்த்தால் தூக்கு என்று தூக்குவாளே, அதே மாதிரி.

போதாக்குறைக்குப் படம் வேறு சிமிட்டியது. பாப்பா கையைத் தூக்கும் நேரத்தில் ஜன்னல் மங்கும், வெளுக்கும், மங்கும், வெளுக்கும். முழுத்திரைப் புரோகிராமிலிருந்து வெளியே வரும்போது ஏதோ குழப்பம் ஆகிறது என்று முடிவு செய்தேன். திரையின் வேகத்தை மாற்றிப் பார்த்தேன், நிறத்தை மாற்றிப் பார்த்தேன். நான்கு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். சிமிட்டல் நிற்கவில்லை. அழும் குழந்தையைச் சரியாகப் பார்க்கக்கூட இந்த ஓட்டைக் கம்ப்யூட்டர் விடவில்லையே என்று எனக்கும் கண் கலங்கியது. அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. முதுகு அழுவதுபோல் இருந்தது.

காப்பக அக்காவிடம் கேட்டேன். “அதெல்லாம் ஜோரா கீதும்மா” என்றார். எல்லா அம்மாக்களிடமும் இதைத்தானே சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன். என் கணவருக்கு மணலியில் ஷிப்டு வேலை. அவரிடம் சொன்னபோது, உனக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய் என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்னதிலேயே எனக்கு அதிகக் கோபம் வரவழைத்த வாக்கியம் அது. எது சரி என்று எனக்கு எப்போது பட்டிருக்கிறது?

ஒரு நாள் காலையில், வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்து, கம்ப்யூட்டரிலேயே கடிதம் அடித்தேன். மதிப்பிற்குரிய அண்ணாச்சிக்கு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன். இரண்டே வரி. அந்த இரண்டு வரியை எட்டு நாள் திருத்தினேன். ‘பணிவுடன்’ என்று முடித்தேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். ‘நின்றுகொள்கிறேன்’ திமிராக இருக்கிறதோ என்று ‘நிற்க விரும்புகிறேன்’ ஆக்கினேன். நிற்க விரும்பினேனா என்று யோசித்துவிட்டு மறுபடி மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம்கூட.

இதற்கு நடுவில் சில விஷயங்கள் நடந்தன. எனக்குத்தான் உறைக்கவில்லை. பாப்பாவுக்கு ஜுரம் வந்து இரண்டு நாள் காப்பகத்துக்குப் போகாமல் பக்கத்து வீட்டில் விட்டிருந்தேன். மூன்றாம் நாள் ஒரு டிரைவர் சீட்டை வாங்கும்போது பாப்பாவுக்கு உடம்பு சரியாகிவிட்டதா என்று கேட்டார். அண்ணாச்சி சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். இன்னொருவர் ஜன்னல் விளிம்பில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை வைத்துவிட்டு, பாப்பாவுக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லா அம்மாவுக்கும் கொடுப்பார் போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்குக் குழந்தை இருப்பது என் முகத்திலேயே எழுதியிருக்கும் என்று நம்பிய காலம் அது.

ஒன்பதாம் நாள் காலை. கடிதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தேதி போடலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் கண்ணாடியை விரலால் தட்டும் சத்தம். தினமும் வரும் டிரெய்லர் டிரைவர் ஒருவர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். டீ கிளாசோடு நின்றிருந்தார். ஜன்னலைத் தள்ளித் திறந்தேன்.

“லெட்டரு குடுத்துட்டியாம்மா?”

எந்த லெட்டர் என்றேன்.

“வேலய வுட்டு நிக்கறேன்னு எழுதிகினு கீறியே, அத்து. பணிவுடன் எடுத்துட்டு மறுபடி போட்டல்ல? போட்டதுதான் நல்லா கீது.”

இந்த மனுஷர் என் மனதுக்குள் புகுந்து படித்துவிட்டாரா என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நினைத்தேன். எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் கிளாசால் கீழே காட்டினார்.

வெளியே ஓடினேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இருவர், சினிமாக் கொட்டகையில் தாமதமாக வந்தவளுக்கு இடம் விடுவதுபோல் காலை மடக்கிக்கொண்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால், செத்துப்போனதாக நாங்கள் முடிவு கட்டிய சின்ன திரை பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது. அதில் என் கடிதம். ‘பணிவுடன்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

என்ன நடந்தது என்று புரிய எனக்கு அரை நிமிஷம்தான் ஆனது. இந்த அரை நிமிஷத்தை ஒரு மாதத்துக்கு முன்னாலேயே செலவழித்திருக்கலாம். புரோகிராம் முழுத்திரையில் ஏறும்போது தன் காலத்துச் சின்ன அளவுக்குத் திரையைச் சுருக்கச் சொல்லும். என் பெரிய திரை சரி என்று கேட்டுக்கொள்ளும். சின்ன திரைக்கு அந்த அளவு புரியாது. சிக்னல் இல்லை என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும். நாங்கள் சோதித்துப் பார்த்ததெல்லாம் புரோகிராமை ஏற்றி வைத்துக்கொண்டுதான். புரோகிராமை இறக்கியதும் அது விழித்துக்கொள்ளும் என்பதைப் பார்க்க அந்த நேரத்தில் நான் வெளியே போனதே இல்லை. உள்ளே பாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆக, டிரைவர்கள் பார்க்கவேண்டிய எடையை ஒருநாளும் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாத பாப்பாவைத் தினமும் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பெயரே வைத்துவிட்டார்களாம், பாப்பா டிவி. எடைமேடைக்காரர் டிரைவர்களுக்குப் பொழுதுபோகட்டும் என்று போட்டிருக்கிறார் என்று சிலர் நினைத்திருக்கிறார்கள். அண்ணாச்சி அப்படிப்பட்டவர் இல்லையே என்று சிலர் வாதாடியிருக்கிறார்கள். கடிதம் வர ஆரம்பித்த பிறகுதான் இது யாரும் வேண்டுமென்று போட்டதில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அண்ணாச்சி காதுக்கு மட்டும் போகக்கூடாது என்று பெஞ்சிலேயே பேசி வைத்துக்கொண்டார்களாம்.

நான் அழுவதா சிரிப்பதா என்று நின்றேன். அந்தப் பெரியவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

“அந்தப் புள்ள ஒன்ன நெனச்சி நிக்கலமா. கூட்சு போவுது. அத்த பாக்குது.”

ரயிலா என்றேன்.

“ஜன்னலு சிமிட்டுதே, பாக்கல நீ? ஒரு சிமிட்டு ஒரு வேகனு. முப்பது வருசமா ரயிலு கேட்ல நின்னு எண்ணிகினு கீறவன் நானு. நேத்து நாப்பத்திரெண்டு.”

நான் நான்கு நாள் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டே சரிசெய்யப் பார்த்த கோளாறு அது. எங்கள் கொருக்குப்பேட்டையில் தெருமுனைக்குத் தெருமுனை தண்டவாளம். கூட்ஸ் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். சத்தம் இல்லாத படத்தில் அந்த ரயில் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ரயில் வருவதற்கு இருபது நிமிஷம் முன்னாலிருந்தே நிற்கிறாளே என்றேன். அதை ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அவர் அசரவில்லை. நல்ல இடம் பிடிக்கிறது, இல்லாவிட்டால் மற்ற பிள்ளைகள் தள்ளிவிடாதா என்றார். பெஞ்சில் இருந்த இருவரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். என் மகளின் பழக்கவழக்கங்கள் பற்றி அந்த பெஞ்சில் ஒருமித்த கருத்து இருந்தது.

அன்று மதியமே உட்கார்ந்து, நடிக்கும் மென்பொருளின் அமைப்புக் கோப்பை வரி வரியாகப் படித்தேன். திரையைச் சுருக்காமல், இருக்கிற அளவுக்கே பெரிதாக்கிக் காட்டு என்று சொல்ல ஒரு வரி இருந்தது. மாற்றினேன். புரோகிராம் ஏறியது. வெளியே ஓடிப் பார்த்தேன். பச்சை எழுத்தில் எடை, தெளிவாக. அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்று எல்லோரிடமும் சொன்னார். டிரைவர்களுக்கு மட்டும் திருப்தி இல்லை. டிவியில் இப்போது வெறும் கணக்குதான் ஓடுகிறது என்று குறைப்பட்டார்கள்.

இனி அடுத்தது. காப்பகத்தில் கையெழுத்துப் போட்ட தாள் நினைவுக்கு வந்தது. பாப்பா மட்டுமில்லை, மற்ற பத்துக் குழந்தைகளையும் யார் யாரோ பார்த்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் நல்லவர்கள் என்பது என் அதிர்ஷ்டம், என் கவனம் இல்லை. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பஸ்ஸில் டோல்கேட் வரை சொல்லவேண்டாம் என்று முடிவு செய்தேன். ஷேர் ஆட்டோவில் சொல்லிவிடலாம் என்று மாற்றிக்கொண்டேன். மாடிப்படியில் மறுபடி மாறியது. பாப்பா ஓடிவந்து என் முட்டியைக் கட்டிக்கொண்டபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அக்கா ஒரு குழந்தைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டார். இடையில் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. முடித்ததும், “நீயா வந்து சொன்ன பாரு, அதுக்கோசரம் வுடறேன்” என்றார். அன்றைக்கே எல்லா அம்மாக்களுக்கும் தகவல் அனுப்பி, கேமரா இணைப்பை மூடிவிட்டார். பெற்றோர் குழுவில் நானே நடந்ததை எழுதி மன்னிப்புக் கேட்டேன். இருவர் நன்றாகத் திட்டினார்கள். திட்டியது நியாயம்தான். ஒருத்தி மட்டும் தனியாக எழுதினாள், டிரைவர் அண்ணனிடம் என் பையன் எதற்காக மூலையிலேயே உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்டுச் சொல்ல முடியுமா என்று.

மறுநாளிலிருந்து பத்து மணிக்கு எனக்குப் பார்க்க எதுவும் இல்லை. பச்சை எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நாள் நீளமாகிவிட்டது. பார்க்க வேண்டுமென்றால் நேரில் வந்து பார் என்று அக்கா சொல்லியிருந்தார். அதையே பிடித்துக்கொண்டு ஒரு நாள் அரை நாள் லீவு எடுத்தேன்.

உள்ளே போனால் என்னைப் பார்த்துவிடுவாள், சோதனை கெட்டுவிடும். அதனால் எதிர்ச்சந்தில், நிறுத்தியிருந்த ஒரு குட்டி யானை சரக்கு வண்டிக்குப் பின்னால் மறைந்து நின்றேன். மாடி ஜன்னல் தெரிந்தது. பத்தேகாலுக்கு என் மகள் வந்தாள். கம்பியைப் பிடித்தாள். முதல்முறையாக ஜன்னலில் அவள் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. சிரிக்கவும் இல்லை. டிக்கெட் கவுன்டர் திறக்கக் காத்திருக்கும் பெரிய மனுஷியின் முகம். குழாயடியிலிருந்து வந்த ஒரு அம்மா, யாரைத் தேடுகிறாய் என்று என்னைச் சந்தேகமாகக் கேட்டார். என் குழந்தையைத்தான் என்றேன். அங்கேதானே நிற்கிறது என்று ஜன்னலைக் காட்டினார். ஆமாம் என்றேன். அவர் என்னை இன்னொருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

எனக்குப் பின்னால் தண்டவாளத்தில் கூட்ஸ் வந்தது. ஜன்னலில் ஒரே தலைகளாகிவிட்டது. இடித்துத் தள்ளினார்கள். என் மகள் நடுவிலேயே அசையாமல் நின்று, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். டிரைவர் சொன்னது அப்படியே உண்மை. நான் வேகன்களை எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்றில் கண் கலங்கிக் கணக்கு தவறிவிட்டது. சந்தோஷத்தில்தான். கடிதத்தை அழித்துவிடலாம் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன்.

கடைசி வேகன் போனது. தலைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. என் மகள் மட்டும் போகவில்லை. கம்பியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு, ரயில் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிஷம் இருக்கும். ரயில் போன திசையும் சாயங்காலம் நான் நடந்து வரும் திசையும் ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் அவளைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது, ஜன்னலில் நின்று என்னடி பார்த்தாய் என்று கேட்டேன். “போச்சு” என்றாள். எது போச்சு என்றேன். காலையில் நான் செருப்பு மாட்டும்போதும் இதைத்தான் சொல்வாள், தட்டில் சாதம் தீர்ந்தாலும் இதைத்தான் சொல்வாள். என் மூக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொருமுறை “போச்சு” என்று சொல்லிச் சிரித்தாள்.

கடிதத்தை அழிக்கவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து என் போனில் வைத்திருக்கிறேன், தேதி போடாமல். அந்த டிரைவர் தினமும் சீட்டு வாங்கும்போது புருவத்தை உயர்த்துவார். இன்னும் இல்லை என்று தலையாட்டுவேன். திருப்தியாகப் போவார். நேற்று காப்பக அக்கா என்னைக் கூப்பிட்டு, மற்ற அம்மாக்கள் கேமராவைத் திறக்கச் சொல்கிறார்கள், தப்பு செய்தவள் நீ, அதனால் நீ சரி என்று சொன்னால் திறக்கிறேன் என்றார். இரண்டு நாளில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

இதைப் படிக்கும் உங்களில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போனவர்கள் இருப்பீர்கள். உங்கள் அம்மா வேலைக்குப் போக, ஜன்னலில் நின்றவர்களும் இருப்பீர்கள். கேமராவைத் திறக்கச் சொல்லட்டுமா? திறந்தால் தினமும் அந்த முதுகைப் பார்ப்பேன், தினமும் கடிதத்தைத் திருத்துவேன். திறக்காவிட்டால் என் கண்ணுக்குத் தெரியாமல் அவள் அந்த ஐந்து நிமிஷம் நிற்பாள். ரயில் போன பிறகும் நிற்கும் குழந்தை எதற்காக நிற்கிறது என்று உங்களில் யாருக்காவது நினைவிருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். என்னிடம் இன்னும் ஒரு நாள்தான் இருக்கிறது.